முடிச்சக்காவும் கரையும் கயிறும்

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் துறைமுகத்தில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "முடிச்சக்கா எங்கே?" என்று கேளுங்கள், கூண்டுக் கொட்டகையைக் கை காட்டுவார்கள். காட்டும்போதே, "பார்த்துப் பேசுங்க, இன்னைக்கு என்ன மூடுல இருக்காங்களோ!" என்று ஒரு எச்சரிக்கையும் இலவசமாகக் கிடைக்கும்.

கொட்டகை என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கூடம். உள்ளே நுழைந்தால் துருவும் தாரும் பழைய மீன் தலையும் கலந்த வாசனை மூக்கைப் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நண்டுக் கூண்டுகள் அடுக்கியிருக்கும். நடுவே நீள மேஜை, மேஜையைச் சுற்றிப் பெண்கள், மேஜையின் தலைமாட்டில் முடிச்சக்கா. ரப்பர் ஏப்ரன், இடுப்பில் கொக்கி மாதிரி வளைந்த ஒரு சின்னக் கத்தி, வாயில் ஓயாத பேச்சு. கைகள் மட்டும் பேச்சோடு சேராமல் தம் பாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

கூண்டை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுங்கள். பிறகு நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். இரும்புக் கம்பிச் சட்டம், சுற்றிலும் கம்பி வலை. ஒரு பக்கம் வாய். அந்த வாயில் உள்நோக்கி வளைந்த கம்பி விரல்கள் இருக்கும். நண்டு உள்ளே போகும்போது வளைந்து கொடுத்து வழிவிடும். திரும்பி வெளியே வரப் பார்த்தால் குத்தும். வாய்க்கு நேர் எதிரே ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவைக் கயிறு கொண்டு கட்டி மூடுவதுதான் முடிச்சக்காவின் வேலை.

கதவு எதற்கு என்றால், கடல் கூண்டைப் பிடுங்கிக்கொண்டு போவது உண்டு. புயலில், நீரோட்டத்தில், கப்பலின் விசிறி அறுத்ததில் என்று எத்தனையோ வழி. போன கூண்டு சும்மா கிடக்குமா? அடியில் கிடந்தபடி தன் வேலையைத் தானே பார்க்கும். ஒரு நண்டு உள்ளே போகும், சாகும். செத்ததன் வாசனைக்கு இன்னொன்று வரும், அதுவும் சாகும். எடுக்க ஆள் இல்லாத வேட்டை, நிற்கவே நிற்காது. அதனால்தான் கதவை மக்கிப்போகும் கயிற்றால் கட்ட வேண்டும் என்று விதி. கயிறு மக்கினால் கதவு திறந்துகொள்ளும், உள்ளே இருப்பது பிழைத்துப் போகும்.

முன்பெல்லாம் சணல். சணல் சில சமயம் அவசரப்பட்டு மக்கிவிடும். நல்ல வேட்டையோடு இழுக்கும்போது கதவு திறந்து நண்டெல்லாம் கொட்டிப் போனால் படகுக்காரர்கள் கொட்டகைக்கே வந்து கத்துவார்கள். கத்தல் கேட்டுக் கேட்டுக் கடுப்பானவள், தானே ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தாள். ரெட்டைப் பூட்டு என்று பெயர். இழுக்க இழுக்க இறுகும். அவிழ்க்க வேண்டுமானால் உள்வளையத்தைக் கட்டைவிரலால் பின்பக்கம் தள்ளிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அந்தச் சூட்சுமத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. கட்டக் கற்றுக்கொடுத்தாள், கொட்டகைப் பெண்கள் எல்லோரும் அதையேதான் கட்டினார்கள். அவிழ்ப்பதைக் கேட்டால், "கட்டினதை ஏண்டி அவிழ்க்கணும்? கத்தி எதுக்கு இருக்கு?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவளிடம் வாலாட்டத் துணிந்த ஒரே ஆள் அவள் தம்பி. சின்னவன் என்று கூப்பிடுவாள். மீசை வைத்து, கல்யாணம் முடித்து, பள்ளிக்கூடம் போகும் மகளும் இருந்தாலும் அவளுக்கு அவன் சின்னவன்தான். அம்மா போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறு ஊட்டி, காய்ச்சல் வந்தால் விழித்திருந்து வளர்த்தவள் இவள். தனக்கென்று பிள்ளை பிறக்காததை அவள் பெரிய குறையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "ஒண்ணை வளர்த்ததுக்கே என் உயிர் போச்சு" என்பாள், பெருமையாக.

சின்னவனுக்கு வேலை துறைப்பாலத்தின் அடியில். தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து, பாலத்தின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்து, தூண்களில் அப்பியிருக்கும் சிப்பியைச் சுரண்டி எடுத்து, வெடிப்பு கண்ட இடத்தில் சிமெண்டு பூச வேண்டும். பாலத்தின் மேல் அக்கா நடந்து போகிற சத்தம் கேட்டால் போதும், கீழே பலகையைக் காலால் ஓங்கி மிதித்து, "ஐயோ அக்கா, அவிழ்ந்துடுச்சு!" என்று கத்துவான். அவள் குலை நடுங்கிப் போய் எட்டிப் பார்ப்பாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"எடுபட்ட பயலே! ஒருநாள் நிஜமாவே விழப்போற பாரு!"

"நீ கட்டினது எப்படிக்கா விழும்? உனக்குக் கட்டத்தான் தெரியும், அவிழ்க்கத் தெரியாதே!"

இது வழக்கமான கூத்து. நல்ல வார்த்தை சொல்வதற்கு அக்காவுக்கும் தம்பிக்கும் இதைவிட வேறு வழி தெரியாது.

சணலின் காலம் முடிந்து புதுக் கயிறு வந்தது. பச்சை நிறம், வழவழப்பு, கையை அறுக்காது. உருளை உருளையாக வந்து இறங்கியது. கரையும் கயிறு என்று அதற்குப் பெயர். கூடவே ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தியும் வந்தாள். வெயிலுக்குப் பயந்து பெரிய தொப்பி போட்டிருப்பாள், பேச ஆரம்பித்தால் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேசுவாள். ஆனால் பேசியது அத்தனையும் சரியான பேச்சு. அதை இப்போது சொல்லி என்ன பயன்!

"அக்கா, இது செடியிலேர்ந்து எடுத்த பிளாஸ்டிக். கரையும்னு பேர் வெச்சிருக்காங்களே தவிர, சர்க்கரை மாதிரி தண்ணியில போட்டதும் கரையாது. இதைத் தின்னு செரிக்க கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் வேணும். அதுக்கு சூடு வேணும், காத்து வேணும். அதனால இடத்துக்கு இடம் மாறும். எங்க சீக்கிரம் போகும், எங்க போகவே போகாதுன்னு இனிமேதான் வெச்சுப் பார்க்கப் போறேன். அதுவரைக்கும் கதவுக்கு மட்டும் கட்டுங்க. ஒத்தை முடிச்சாக் கட்டுங்க. வேற எதுக்கும் எடுத்துடாதீங்க."

"ஒத்தை முடிச்சு போட்டா என் பேரு என்னம்மா ஆகுறது?" என்றாள் முடிச்சக்கா. கொட்டகை சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, தும்மிவிட்டு, துண்டுக் கயிறுகளை வலைப்பைகளில் போட்டுக்கொண்டு போனாள். ஒன்றைச் சேற்றுக்குள் புதைத்தாள். ஒன்றை நடுத்தண்ணீரில் தொங்கவிட்டாள். ஒன்றை அலை ஏறி இறங்கும் உயரத்தில் தூணில் அடித்தாள். ஒன்றைக் கரை மணலில் மூடி வைத்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்னம்மா, கயிறு நட்டா மரம் வருமா?" என்று கேலி பேசினார்கள்.

கொட்டகையில் ஒற்றை முடிச்சு போட்டார்களா? எங்கே! கதவு அவசரப்பட்டுத் திறந்தால் அவமானம் கொட்டகைக்கு அல்லவா. ரெட்டைப் பூட்டுதான்.

ஒரு மழைக்காலம் வந்து போனது. முடிச்சக்காவின் வீட்டுக்காரர் ஒரு படகில், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் ஓட்டுகிறவர். வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். அவர்தான் ஒருநாள் சேற்றில் புதைந்து கிடந்த பழைய கூண்டு ஒன்றைக் கொக்கியில் மாட்டி மேலே கொண்டுவந்தார். கூண்டு முழுக்கக் கறுப்புச் சேறு. பாலத்தில் வைத்து வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கம்பி துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. கதவு மட்டும் மூடியே இருந்தது. துடைத்துப் பார்த்தால் கயிறு பச்சைப் பசேல் என்று, நேற்று உருளையிலிருந்து வெட்டியது போல இருந்தது. ரெட்டைப் பூட்டு அசையவில்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கரையும் கயிறாம்! சாகாவரம் வாங்கின கயிறுய்யா இது!" என்றார் ஒருவர். "அக்கா முடிச்சைப் பார்த்துக் கடலே பயந்துடுச்சு" என்றார் இன்னொருவர். முடிச்சக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் குனிந்து கூண்டுக்குள் பார்த்தபோது ஒரு கணம் சிரிப்பு நின்றது. உள்ளே பாதி உயரத்துக்கு வெறும் ஓடுகள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. மேலே ஒரே ஒரு நண்டு, ஒற்றைக் கொடுக்கோடு, உயிரோடு இருந்தது. அது எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் சுற்றி நின்றவர்கள் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். புகழ்ச்சிக்கு மயங்காத மனுஷி யார்? அவளும் சேர்ந்து சிரித்தாள்.

தொப்பிக்காரப் பெண் சிரிக்கவில்லை. கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சேத்துல கிடந்தது. அங்க குளிர், காத்தே கிடையாது. தின்ன ஆள் வரலை. இப்படித்தான் ஆகும்னு பயந்தேன். தயவுசெய்து இதை வெச்சுக் கரையில கணக்குப் போடாதீங்க" என்றாள்.

"சேத்துலயே இப்படின்னா, கரையில நூறு வருஷம் வரும்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஊர் முழுக்கப் பச்சைக் கயிறுதான். எதற்கு எடுக்காதீர்கள் என்று சொன்னாளோ, அதற்கெல்லாம் எடுத்தார்கள். துணி காயப்போட, தார்ப்பாய் இழுத்துக் கட்ட, நாயைக் கட்டிப்போட, கரையில் தோணியைக் கட்டிவைக்க. கொட்டகையின் மிச்சத் துண்டுகளை வாங்கிக்கொண்டு, "அக்கா, உங்க கையாலயே ஒரு முடிச்சு போட்டுக் குடுங்க" என்று கேட்பார்கள். இவளும் முகத்தில் அலுப்பைக் காட்டிக்கொண்டு, உள்ளுக்குள் பூரித்துப் போய்க் கட்டிக்கொடுப்பாள்.

சின்னவனும் கேட்டான். ஒரு சாயங்காலம் பொண்டாட்டியோடு வந்து உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, "பலகைக் கயிறு பிரிஞ்சு தும்பு தும்பா நிக்குதுக்கா. எனக்கும் அந்தச் சாகாவரத்துல கொஞ்சம் குடேன்" என்றான்.

"உனக்கு இல்லாததா? நாளைக்கு வந்து நானே கட்டுறேன். உன் கையால கட்டினா நீ அன்னைக்கே தண்ணியில மிதப்ப."

தம்பி பொண்டாட்டி அதிகம் பேசாத பெண். அன்று மட்டும், "நீங்க கட்டினதுன்னா எனக்குப் பயமே இல்ல அண்ணி. இவர் அந்தப் பலகையில இறங்குற நேரமெல்லாம் என் நெஞ்சு அடிச்சுக்கும். இனிமே நிம்மதியா இருப்பேன்" என்றாள்.

மறுநாளே போய்க் கட்டினாள். பலகையின் நான்கு மூலைக்கும் நான்கு கயிறு, கைப்பிடியில் ஒவ்வொன்றுக்கும் ரெட்டைப் பூட்டு. பலகையை யாரும் மேலே இழுத்து வைப்பதில்லை, அது அங்கேயேதான் தொங்கும். தண்ணீர் ஏறினால் பலகையும் கயிற்றின் கீழ்ப்பாதியும் நனையும், இறங்கினால் வெயிலில் காயும். நாள்தோறும் நனைந்து, நாள்தோறும் காய்ந்தது. தூணில் பக்கத்திலேயே தொப்பிக்காரப் பெண்ணின் வலைப்பை ஒன்று ஆணியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. வலைக் கிடங்கின் தார்ப்பாய் பறந்து போனது. காற்று என்றார்கள். இரை விற்கிறவரின் நாய் கயிற்றோடு ஓடிவிட்டது. கடித்து அறுத்திருக்கும் என்றார்கள். கடைசியில் டீக்கடைக்காரர் கரை மணலில் கட்டியிருந்த தோணி காணாமல் போய், பாறையில் மோதிப் பலகை பலகையாகக் கிடந்தது. மனிதர் நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

"உங்க முடிச்சு அவிழ்ந்து போச்சு முடிச்சக்கா. இவ்வளவு நாள் ஊர் உங்களைத் தூக்கி வெச்சு ஆடினதுக்கு நல்லாக் கைமேல பலன் குடுத்துட்டீங்க."

முடிச்சக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் முடிச்சு அவிழ்ந்துச்சா? யாரைப் பார்த்து என்ன பேசுறே? வாய்யா, வா! இப்பவே போய்ப் பார்ப்போம். அவிழ்ந்திருந்தா இன்னையோட இந்த மேஜையில உட்கார மாட்டேன்."

இடுப்புக் கத்தியையும் ஏப்ரனையும் அவிழ்த்து மேஜையில் விட்டெறிந்துவிட்டுக் கிளம்பினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. டீக்கடைக்காரர் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மணலில் அடித்த முளைக்குச்சி அங்கேயே நின்றது. முளையில் அவள் போட்ட ரெட்டைப் பூட்டும் அப்படியே இருந்தது.

"பாரு! கண்ணைத் திறந்து நல்லாப் பாரு! எங்க அவிழ்ந்திருக்கு?"

அவர் திருதிருவென்று விழித்தார். முடிச்சு இருக்கிறது. முடிச்சிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கயிறுதான் இல்லை. ஜெயித்த மிதப்பில் முடிச்சக்கா மிச்சமிருந்த துண்டைக் கையில் எடுத்தாள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதே பச்சை, அதே வழவழப்பு. சும்மா வளைத்தாள். பொட்டென்று உடைந்தது.

கயிறு அறும், பிரியும், நைந்து போகும். கயிறு உடைந்து அவள் பார்த்ததில்லை. இன்னொரு முறை வளைத்தாள். ஊறிக் காய்ந்த பிஸ்கட் மாதிரி மறுபடியும் உடைந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். பச்சைப் பொடியாக உதிர்ந்து விரலிடுக்கில் ஒட்டியது. காலடி மணலைக் கிளறிப் பார்த்தால் அங்கேயும் அதே பொடி, மணலோடு மணலாகக் கலந்து கிடந்தது.

கரையோரமாகத் தொப்பிக்காரப் பெண் பாலத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு வலைப்பை. காலிப் பை.

"அக்கா, நானே கொட்டகைக்குத்தான் வந்துட்டிருந்தேன். இது தூண்ல அடிச்ச பை. எடுத்ததும் உள்ள இருந்த துண்டெல்லாம் கையில உதிர்ந்து போச்சு. வெயில், உப்பு, நனையுறது, காயுறது, அலை தேய்க்கிறது எல்லாம் ஒரே இடத்துல சேர்ந்துடுச்சு. மேலே பார்த்தா தெரியாது அக்கா, உள்ளுக்குள்ள செத்துப் போயிருக்கும். சேத்துல வெச்சது மட்டும் இன்னும் புதுசாவே இருக்கு."

தூண் என்ற சொல் காதில் விழுந்ததும் முடிச்சக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எந்தத் தூண்மா?"

"அதான், உங்க தம்பி பலகை தொங்குமே..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. முடிச்சக்கா ஓட ஆரம்பித்துவிட்டாள். கனத்த உடம்பு, மூட்டு வலி, செருப்பு ஒன்று மணலிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் இறங்கி முடிந்து மறுபடி ஏறத் தொடங்கும் நேரம் அது. சின்னவன் கீழேதான் இருப்பான். போகும் வழியெல்லாம், கடவுளே இன்னைக்கு அவன் வேலைக்கு வராம இருக்கணும், காய்ச்சல் வந்து படுத்திருக்கணும், குடிச்சுட்டுக் கவிழ்ந்து கிடந்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டே ஓடினாள். தம்பிக்குக் கேடு வேண்டி வேண்டி ஓடிய அக்காவை அன்றுதான் அந்தப் பாலம் பார்த்தது.

பாலத்தின் நடுவில் குப்புற விழுந்து, தலையைக் கீழே நீட்டினாள். இருந்தான். பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி சுரண்டிக்கொண்டிருந்தான்.

"சின்னவா! ஏறி வாடா! அசையாம, மெதுவா, ஏணியைப் பிடிச்சு ஏறி வந்துடு!"

"என்னக்கா, மூச்சு வாங்குது? அத்தான் அடிச்சுட்டாரா?"

"விளையாடாதடா! கயிறு போச்சுடா! கயிறு உள்ளுக்குள்ள செத்துப் போச்சு!"

அவன் கயிற்றை அண்ணாந்து பார்த்தான். பச்சையாக, வழவழப்பாக, முறுக்கு குலையாமல் இருந்தது. எத்தனை தடவை அவளை ஏமாற்றிச் சிரித்தவன்! இன்று அக்கா தன்னைத் திருப்பி ஏமாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்தான் பாவி. எழுந்து நின்றான்.

"நீ கட்டின கயிறுக்கா. யானையைக் கட்டித் தொங்கவிடலாம்."

காலை ஓங்கி, வழக்கம்போல ஒரு மிதி மிதித்தான்.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. ஒரு பக்கக் கயிறு உடைந்தது, பலகை சரிந்தது, அடுத்த பக்கமும் போனது. சுரண்டி, வாளியோடு அவனும் தூணில் இடித்துக்கொண்டு விழுந்தான். அவள் போட்ட முடிச்சுகள் நான்கும் கைப்பிடியில் அப்படியே இருந்தன.

தண்ணீர் அவன் மார்பளவுதான். நின்றுவிடுவான் என்று அவள் பார்த்தாள். அவன் நின்றான், நகரவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா, கால் எதுலயோ போயிடுச்சு. இழுத்தா குத்துது."

பின்னால் ஓடி வந்த தொப்பிக்காரப் பெண்ணைப் பார்த்து, "படகைக் கூட்டிட்டு வா! கத்தி கொண்டு வரச் சொல்லு!" என்று கத்திவிட்டு முடிச்சக்கா இரும்பு ஏணியில் இறங்கினாள். இடுப்பைத் தடவினாள். கத்தி கொட்டகை மேஜையில் கிடந்தது. கோபத்தில் விட்டெறிந்த கத்தி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போனாள். கலங்கல், ஒன்றும் தெரியவில்லை. கையால் தடவினாள். சேற்றில் பாதி புதைந்த கம்பி. வலை. வட்டமான வாய். அந்த வாய்க்குள் அவள் தம்பியின் கால், முழங்கால் வரைக்கும். உள்நோக்கிய கம்பி விரல்கள் சதையில் குத்தி நின்றன. உள்ளே விட்டது, வெளியே விடவில்லை. எந்தப் புயலிலோ தொலைந்து, பாலத்தின் அடியில் வந்து ஒதுங்கிய கூண்டு. அசைத்துப் பார்த்தாள். அது தனியாக இல்லை, கூண்டுகளை வரிசையாகக் கோக்கும் கனத்த தாய்க்கயிறு ஒன்று அதை வேறு எதெதனோடோ சேர்த்துச் சேற்றுக்குள் பிடித்து வைத்திருந்தது.

எழுந்து மூச்சு விட்டாள். தண்ணீர் அவன் தோளுக்கு வந்திருந்தது. விழுந்ததில் உடைந்த காலில் ஊன்ற முடியாமல் அவன் தாழ்ந்துகொண்டே இருந்தான்.

"பயப்படாதடா. எதிர்ப்பக்கம் கதவு இருக்கும். கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுக் கம்பியை மடக்கிடுவேன்."

மறுபடி போனாள். கதவைத் தேடி எடுத்தாள். கதவில் கயிறு. வழவழவென்று, உறுதியாக, உருளையிலிருந்து நேற்று வெட்டியது போல இருந்தது. கட்டைவிரல் முடிச்சைத் தொட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையைத் தடவிப் பார்த்து அடையாளம் தெரிவதுபோல் தெரிந்தது. ரெட்டைப் பூட்டு.

அறு, அறு என்று அந்தக் கயிற்றைப் பிடித்து உலுக்கினாள். மேலே பிஸ்கட் மாதிரி உடைந்த அதே கயிறு, இங்கே இரும்பாக நின்றது. உள்வளையத்தைப் பின்பக்கம் தள்ளப் பார்த்தாள். இத்தனை நாள் சேற்றில் இறுகியது நகருமா? நகம் பெயர்ந்தது. மூச்சு முட்டி மேலே வந்தாள். அவன் கழுத்தை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வோர் அலைக்கும் வாயை மூடித் திறந்தான். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான், காய்ச்சலில் கிடந்த காலத்தில் பார்த்த மாதிரி.

திரும்பத் திரும்பப் போனாள். கடைசியில் சேற்றோடு முகத்தை வைத்து, முடிச்சைப் பல்லால் கடித்துப் பிடித்தாள். வாயெல்லாம் சேறும் உப்பும். கட்டைவிரலைக் கொடுத்து நெட்டித் தள்ளினாள். உள்வளையம் ஒரு மயிரிழை நகர்ந்தது. இன்னொரு மயிரிழை. கதவு திறந்தது. கையை உள்ளே விட்டாள். கை நிறைய ஓடுகள், கத்தி மாதிரி கிழித்தன. அந்த ஓடுகளுக்கு நடுவே உயிருள்ள ஏதோ ஒன்று அவள் சுண்டுவிரலைக் கவ்விப் பிடித்தது. உதறவில்லை. அதையும் சேர்த்தே சுமந்துகொண்டு கம்பி விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி மடக்கினாள். கால் வெளியே வந்தது.

வீட்டுக்காரர் இருந்த படகு வந்து சேர்ந்தபோது அவன் தலையைத் தன் தோளில் சாய்த்து, தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான்கு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிப் பாலத்தில் கிடத்தினார்கள். கால் இருந்த கோலத்தைப் பார்க்க முடியவில்லை. பற்கள் தடதடக்க அவன் அவளைக் கிட்ட வரச் சொன்னான்.

"அவிழ்க்கவும் தெரியுமாக்கா உனக்கு?"

கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு ஊரே கேட்கும்படி ஓவென்று அழுதாள்.

கரையில் ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. அதே நேரத்தில் வீட்டுக்காரர் படகில் எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தடியில் வந்தபோது படகின் கொக்கியில் அந்தத் தாய்க்கயிறு மாட்டியிருந்தது. வின்ச்சைத் தட்டிவிட்டார். தம்பியின் காலைப் பிடித்த கூண்டு முதலில் மேலே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. சேறு வழிய வழிய வந்த கூண்டுகளைப் பாலத்தில் இறக்கி வைத்தார்கள். திறந்திருந்தது முதல் கூண்டின் கதவு மட்டும்தான். மற்றவை எல்லாம் மூடியிருந்தன. எல்லாவற்றிலும் பச்சைக் கயிறு, எல்லாவற்றிலும் ரெட்டைப் பூட்டு, எல்லாவற்றுக்குள்ளும் ஓடுகளின் குவியல். குவியலின் மேல் சில நண்டுகள் மெல்ல அசைந்தன. சிரிக்க அன்று ஒருவரும் இல்லை.

தம்பி பொண்டாட்டி செய்தி கேட்டுப் பாலத்தில் ஓடி வந்தாள். புருஷனைத் தூக்கிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் நடந்தவள், கூண்டுகளைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றாள். கைப்பிடியில் தொங்கிய முடிச்சுகளைப் பார்த்தாள், கூண்டுகளின் கதவுகளைப் பார்த்தாள்.

"அண்ணி, இதெல்லாம் நீங்க கட்டினதா?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பெண் வண்டியில் ஏறிக்கொண்டாள், வண்டி போய்விட்டது.

முடிச்சக்கா ஈரத்தோடு கூண்டுகளின் நடுவே உட்கார்ந்தாள். யாரோ கத்தியை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். முதல் கயிற்றை அறுத்தாள், கதவைத் திறந்துவிட்டாள், அடுத்ததை இழுத்தாள். தொப்பிக்காரப் பெண் அவள் பக்கத்தில் குந்தி, கூண்டுகளை நகர்த்திக் கொடுத்தாள்.

"இன்னும் எவ்வளவு இருக்குங்க?" என்று முடிச்சக்கா படகைப் பார்த்துக் கேட்டாள்.

வீட்டுக்காரர் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, "தெரியலையே, வந்துக்கிட்டே இருக்கு" என்றார். வின்ச் ஓடிக்கொண்டிருந்தது.